'முத்தரப்பு' என்று எழுதிவிட்டால் முத்தரப்பு ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படித்த பிள்ளைகளும், நம் குடும்பத்தில் ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிப்ட் போகிறவர்களும் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு நோட்டீஸ் போர்டின் படம் வந்தது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். 'ட்ரைபார்ட்டைட் செட்டில்மென்ட்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே மூன்று வருடச் சம்பள உயர்வு. குழு முழுக்கக் கைதட்டல். "தொழிலாளர் பக்கம் கையெழுத்துப் போட்டது யாரப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வந்த பதில்: "சார், ரிட்டயர் ஆகியும் இங்கிலீஷ் வாத்தியார் புத்தி போகலையே! சொல்லா முக்கியம்? சம்பளம் ஏறினா போதாதா?"

சொல்தான் முக்கியம், தம்பி. உன் சம்பளம், உன் வேலைநிறுத்த உரிமை, உனக்குப் பின்னால் அந்தக் கேட்டுக்குள் நுழையப்போகும் உன் தம்பியின் சம்பளம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. அதனால்தான் கம்பெனி அதைக் கொட்டை எழுத்தில் போடுகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ட்ரை' என்றால் மூன்று. 'பார்ட்டைட்' என்றால் பங்கிடப்பட்டது. லத்தீன் வேர். பார்ட், பார்ட்டி, பார்ட்டிஷன் எல்லாம் அதே குடும்பம். ஆகவே இந்தச் சொல்லில் மூன்று என்ற எண்ணைவிடப் பங்கு என்பதுதான் கனமானது. பங்குள்ளவர்தான் தரப்பு. அறையில் உட்கார்ந்து டீ குடித்தவர் எல்லாம் தரப்பு ஆகமாட்டார்.

மூன்று பங்கு என்றால் சமமான மூன்று பங்கு என்றும் அர்த்தமில்லை. நம் திருக்குறள் முப்பால்தானே? அறத்துக்கு 38 அதிகாரம், பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. முத்தரப்புக்கு உலகப் பெரிய உதாரணமான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் தொடங்கியது. அதன் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் நான்கு பிரதிநிதிகளை அனுப்பும்: அரசுக்கு இரண்டு, முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. பங்கு சமமில்லை. ஆனால் நால்வருக்கும் தனித்தனி ஓட்டு உண்டு. தொழிலாளி பிரதிநிதி மற்ற இருவரையும் எதிர்த்து ஓட்டுப் போடலாம். அதனால் அது உண்மையான முத்தரப்பு.

நம் நாட்டிலும் அப்படி ஒரு மரபு இருந்தது. 1942இல் டில்லியில் முத்தரப்புத் தொழிலாளர் மாநாடு கூடியபோது தலைமை வகித்தவர், அன்று வைஸ்ராய் சபையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர். அதுவே பிறகு இந்தியத் தொழிலாளர் மாநாடு ஆனது. 1957இல் கூடிய 15ஆவது மாநாடுதான் குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. ஒரு சம்பாத்தியத்தில் மூன்று நுகர்வு அலகு சாப்பிட வேண்டும், அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி என்றெல்லாம் எழுதிவைத்தது. மூன்று தரப்பும் உண்மையாகவே உட்கார்ந்தால் இப்படி ஒரு கணக்கு பிறக்கும். அந்த மாநாடு 2015 ஜூலையில் 46ஆவது முறை கூடியது. அதற்கப்புறம் பத்து வருடம் கூடவேயில்லை. முத்தரப்பு என்ற சொல் மட்டும் நோட்டீஸ் போர்டில் ஓகோவென்று வாழ்கிறது!

இப்போது உன் கம்பெனிக்கு வருகிறேன். 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம் ஒப்பந்தத்தை இரண்டு வகையாகப் பிரித்தது. நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் தாங்களாகவே பேசிக் கையெழுத்திடுவது ஒன்று. நீங்கள் '18(1)' என்பீர்கள். அது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன்னால் தகராறு நடவடிக்கையில் இருக்கும்போது ஏற்படுவது இன்னொன்று. அதுதான் '12(3)'. அது அன்று வேலையில் இருந்த எல்லோரையும் கட்டும். பிறகு வேலைக்குச் சேரப்போகிறவனையும் கட்டும். இந்த இரண்டாவதைத்தான் நம் பக்கம் ட்ரைபார்ட்டைட் என்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்த வேறுபாடு மாறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 12(3) என்ன சொல்கிறது? 'தகராறின் தரப்பினர்' கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அலுவலர் அரசுக்கு அறிக்கையோடு அனுப்ப வேண்டும் என்கிறது. தகராறின் தரப்பு இரண்டுதான். அலுவலர் அதில் தரப்பு அல்ல. நம் ஸ்ரீபெரும்புதூர் உடையவர் கையில் திரிதண்டம் பார்த்திருப்பீர்கள், மூன்று கோலைச் சேர்த்துக் கட்டியது. கட்டுகிற கயிற்றை யாரும் நாலாவது கோலாக எண்ணுவதில்லை. அலுவலர் அந்தக் கயிறு. கயிறு இல்லாமல் கட்டு நிற்காது என்பது உண்மை. ஆனால் "கவர்மென்டே கையெழுத்துப் போட்டிருக்கு சார், அவங்க பார்த்துப்பாங்க" என்று சொல்கிறீர்களே, அது தவறு. அரசு அந்தத் தாளில் உனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தது நிர்வாகம். பதிலுக்கு வாக்குக் கொடுத்தது உன் பெயரால் கையெழுத்திட்டவர்.

அதனால்தான் கேட்டேன், அவர் யார் என்று. விசாரித்தால், எச்.ஆர். பொறுக்கி எடுத்த 'நலக் குழு'வாம். சமரச நடவடிக்கை எதுவும் இல்லை. தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் வந்து போட்டோவுக்கு நின்றாராம். பிள்ளைகளே, ஆங்கிலத்தில் 'ட்ரிப்ளிகேட்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஒரே தாளின் மூன்று பிரதி. நிர்வாகம், நிர்வாகம் தேர்ந்தெடுத்த குழு, நிர்வாகம் அழைத்து வந்த விருந்தாளி. இதற்குப் பெயர் ட்ரிப்ளிகேட். ட்ரைபார்ட்டைட் என்று எழுதுவது ஏமாற்று.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கம்பெனி இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குகிறது. ஏன்? உண்மையான 12(3) என்றால் உன் தனிக் கையெழுத்துக்கு அவசியமே இல்லை, அது தானாகவே உன்னைக் கட்டும். தனித்தனியாகக் கையெழுத்து கேட்கிறார்கள் என்றால், தலைப்பில் போட்டது பொய் என்று அவர்களுக்கே தெரியும். அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகு, ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயத்துக்காக அது நடப்பில் இருக்கும்வரை உன்னால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

"சார், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்பவர்களுக்கு நம் சுங்குவார்சத்திரத்தையே காட்டுகிறேன். சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2024 செப்டம்பர் 9இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கையே தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். அக்டோபர் 7இல் ஒரு ஒப்பந்தம் என்று அறிவிப்பு வந்தது. நிர்வாகம் இருந்தது, அமைச்சர்கள் இருந்தார்கள், தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும் இருந்தார்கள். மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உட்படப் பல சலுகைகள். மூன்று நாற்காலியும் நிரம்பித்தான் இருந்தது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த சங்கம் அந்த அறையில் இல்லை. என்ன ஆயிற்று? மறுநாளும் பந்தல் அப்படியே இருந்தது. பிறகு அந்தச் சங்கத்தையே வைத்துப் பேசித்தான் அக்டோபர் 15இல், 37 நாளுக்குப் பிறகு முடிவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மே மாதம் அதே சங்கத்தோடு மூன்றாண்டுச் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் போராட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்று நம் உறவுகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அந்தச் சண்டை வேறு. தகராறு யாரோடு இருக்கிறதோ அவரை வெளியே நிறுத்திவிட்டு, மீதி நாற்காலிகளை நிரப்பினால் தகராறு தீராது என்பதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி இன்னொரு மூன்று. இதுதான் நம் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தொடுகிறது. காண்ட்ராக்ட் வேலைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரையாங்குலர்' உறவு என்பார்கள், முக்கோணம். கம்பெனி ஒரு மூலை, காண்ட்ராக்டர் ஒரு மூலை, நீ ஒரு மூலை. முத்தரப்பில் மூன்று பேரும் ஒரே மேசைக்கு வருகிறார்கள். முக்கோணத்தில் உனக்கு எதிரே இருவர் நின்றுகொண்டு, ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பாக்ஸ்கான் பெண் பிள்ளைகள் நெடுஞ்சாலையை மறித்தது ஏன்? வேலை ஒரு பெயரில், விடுதி ஒரு பெயரில், சாப்பாடு இன்னொரு பெயரில் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும். அதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்த முக்கோணத்தையும் சில மேலாளர்கள் 'ட்ரைபார்ட்டைட் அரேஞ்ச்மென்ட்' என்று அழகாகச் சொல்கிறார்கள். பேசும் உரிமையே இல்லாதவனைத் தரப்பு என்று எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

நடுவில் ஒரு சின்னத் திருத்தம். மூன்று வருட ஒப்பந்தத்தை ஒருவன் 'ட்ரையானுவல்' என்று குழுவில் எழுதியிருந்தான். அது வருடத்துக்கு மூன்று முறை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றால் 'ட்ரையென்னியல்'. வருடத்துக்கு மூன்று முறை சம்பளம் ஏற்றும் கம்பெனி இருந்தால் சொல்லுங்கள், பென்ஷனை விட்டுவிட்டு நானும் வந்து சேருகிறேன்.

"அப்படியென்றால் 12(3) என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?" என்று ஒரு மாணவி தனியாகக் கேட்டாள். நல்ல கேள்வி. நம்பக்கூடாது. அது எல்லோரையும் கட்டும் என்பதே அதன் ஆபத்தும். சிறுபான்மைச் சங்கம் ஒன்று சமரச அலுவலர் முன்னால் மோசமான ஒப்பந்தம் போட்டால் பெரும்பான்மையும் அதில் மாட்டும். புதிய தொகுப்பு 51 சதவீதம் உறுப்பினர் உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது. அப்போதும் அந்த 51 யார், எப்படி எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டியது நீதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பெரிய கம்பெனி, எங்க கையெழுத்து கேட்டாலும் போட்டுடு, வம்பு வேணாம்" என்று பிள்ளைக்குப் போனில் சொல்லாதீர்கள். மனைப் பத்திரம் என்றால் நாலு எல்லையும் சரிபார்க்காமல் ரேகை வைப்பீர்களா? மூன்று வருட உழைப்பு மனையைவிடக் குறைந்ததா?

ஆகவே அடுத்த முறை அந்தச் சொல்லைப் பார்த்தால் நான்கு விஷயம் கேளுங்கள். சமரச நடவடிக்கை நடந்ததா, எந்தத் தேதியில்? தொழிலாளர் தரப்பில் கையெழுத்திட்டவர் யார், அவரை அனுப்பியது யார்? எத்தனை காலத்துக்கு? காண்ட்ராக்ட், டிரெய்னி பிள்ளைகள் அதில் உண்டா, இல்லையா? பதில் கிடைக்கும்வரை பேனாவை மூடி வையுங்கள். ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று எழுதிக் கேட்கத் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு வாருங்கள், கடிதம் எழுதித் தருகிறேன். தமிழிலும் எழுதுவேன், ஆங்கிலத்திலும் எழுதுவேன். ஃபீஸ் கிடையாது.