எண்ணூருக்கு இன்னொரு கொதிகலன் வேண்டாம்

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1970 மார்ச் 31 அன்று இயங்கத் தொடங்கியது. நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது 2017 மார்ச் 31. சரியாக 47 ஆண்டுகள். இரண்டுமே நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் மின்வாரியத்தின் கணக்குப் பிரிவுக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தப் புகைபோக்கிகளின் கீழே குடியிருந்தவர்களின் கணக்கோ அன்றைக்கும் முடிக்கப்படவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. அதை முடிக்க வேண்டிய அரசு, அதே வளாகத்தில் 660 மெகாவாட் திறனில் புதிய நிலக்கரி யூனிட் ஒன்றை எழுப்பும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறது. அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டும். பழைய நிலையம் விட்டுச்சென்றதைச் சுத்தம் செய்து, அதன் விவரத்தை ஊரறிய வெளியிட வேண்டும்.

பழைய நிலையத்தை வில்லனாக்கிப் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. அது எந்தச் சூழலில் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. 1957இல் மின்வாரியம் அமைந்தபோது இந்த மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் மலையிலிருந்து வந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம், பிறகு குந்தா. பருவமழை பொய்த்தால் விளக்கும் அணையும், ஆலையும் நிற்கும். 1962இல் உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலி மத்திய அரசின் கையில் இருந்தது. சென்னையில் பேசின் பிரிட்ஜில் இருந்த பழைய மின் நிலையம் வளரும் நகரத்துக்குப் போதவில்லை. வடசென்னையிலோ தொழிற்சாலைகள் வரிசைகட்டிக்கொண்டிருந்தன. எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் லேலண்ட் நிறுவனம், 1955 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை. இத்தனைக்கும் ஈடுகொடுக்க வாரியம் எண்ணூரைத் தேர்ந்தெடுத்ததில் பொறியியல் நியாயம் இருந்தது. நிலக்கரி விளையாத மாநிலத்துக்கு அது கப்பலிலோ ரயிலிலோதான் வந்து சேர வேண்டும். குளிர்விக்க ஏராளமான நீர் வேண்டும். துறைமுகம், ரயில் பாதை, கழிமுகம் மூன்றும் எண்ணூரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

1970 முதல் 1975 வரை ஐந்து யூனிட்டுகள் வந்தன. 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று, ஆக மொத்தம் 450 மெகாவாட். தூத்துக்குடியில் முதல் யூனிட் 1979இல்தான் வந்தது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்புகளிலும், கிணற்றடியில் ஓடிய பம்ப்செட்டுகளிலும் எண்ணூரின் பங்கு இருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் குழாய்களை ஒட்டுப்போட்டு, பழைய இயந்திரங்களை ஷிப்ட் ஷிப்டாகக் கட்டிக் காத்து ஓட்டிய தொழிலாளர்களுக்கு இந்த மாநிலம் கடன்பட்டிருக்கிறது. நிலையத்தை மூடியபோது நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் வேலை கிடைத்தது. நிலக்கரி அள்ளியும் சாம்பல் வாரியும் உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒப்பந்தத் தொழிலாளர்களின் நுரையீரலை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

நிலையம் ஏன் மூடப்பட்டது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். ஊராரின் மூச்சுத்திணறலைப் பார்த்து மனமிரங்கி யாரும் அதை நிறுத்தவில்லை. 60, 110 மெகாவாட் யூனிட்டுகள் புதிய பெரிய யூனிட்டுகளைவிட ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் அதிக நிலக்கரியைத் தின்றன. பழுதுபார்க்கும் செலவும் கட்டுப்படியாகவில்லை. மூடியதற்குக் காரணம் கணக்குப் புத்தகம்தான். அதனால்தான், மூடிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற மின் நிலையம் அரசின் கண்ணுக்கு ஏலத்துக்குரிய பழைய இரும்பாகவே தெரிகிறது. அரை நூற்றாண்டுப் பழைய அனல்மின் நிலையத்தில் இரும்பு மட்டும் இருக்காது. அந்தக் காலத்து நிலையங்களில் வெப்பக் காப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுவது வழக்கம். மின்மாற்றி எண்ணெய், உலை எண்ணெய் சிந்தி ஊறிய மண், நிலக்கரிக் கிடங்கின் அடித்தரை, பாதரசமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கக்கூடிய சாம்பல் என்று கவனமாகக் கையாள வேண்டியவை எத்தனையோ. மூடப்படும் அனல்மின் நிலையங்களை எப்படிப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது எண்ணூர் மூடிய பிறகுதான். தாமதமாக வந்தாலும் அவற்றை எண்ணூருக்குப் பொருத்துவதற்கு என்ன தடை? அங்கே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு சாம்பல் எங்கே கிடக்கிறது, எதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்ற முழு அறிக்கை மக்கள் படிக்கும்படி தமிழில் வெளிவர வேண்டும்.

இனி, மூடியதால் எண்ணூருக்கு விடிவு வந்துவிட்டதா என்று பார்ப்போம். கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. 1990களின் நடுவில் வந்த மூன்று 210 மெகாவாட் யூனிட்டுகள், பின்னர் வந்த இரண்டு 600 மெகாவாட் யூனிட்டுகள், 2024 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட 800 மெகாவாட் யூனிட். பக்கத்திலேயே வல்லூரில் மத்திய, மாநிலக் கூட்டு நிறுவனத்தின் மூன்று 500 மெகாவாட் யூனிட்டுகள். கூட்டிப் பாருங்கள், 4,130 மெகாவாட் வருகிறது. மூடியது 450, அதைப் போல ஒன்பது மடங்கு நிலக்கரித் திறன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கிறது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இன்னும் 1,320 மெகாவாட் கட்டப்பட்டு வருகிறது, அதுவும் ஒரு சாம்பல் குளத்தின் மேல். இதற்கு மேலும் 660 மெகாவாட் கேட்பவர்கள், ஒரு பகுதி மக்கள் எவ்வளவுதான் சுமக்க முடியும் என்ற கேள்வியை எங்காவது ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. ஒவ்வொரு நிலையத்தின் பாதிப்பையும் தனித்தனியாக மதிப்பிட்டு, தனித்தனியாக அனுமதி வாங்கும் முறையில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. காத்திவாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் காயும் துணியில் படியும் தூசி எந்த நிலையத்துடையது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

சாம்பலின் கதை இதைவிடக் கசப்பானது. இந்திய நிலக்கரியை நூறு கிலோ எரித்தால் முப்பது முதல் நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். வடசென்னை நிலையம் அதைத் தண்ணீரில் கலந்து, கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும் குழாய்கள் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறது. குழாய்கள் ஓட்டையாகி, வருடக்கணக்கில் சாம்பற்குழம்பு ஆற்றில் கொட்டியதை எண்ணூர் மீனவர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள், மனு எழுதினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் இன்றும் பாடு முறை உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து கால் புதைகிறது, இறால் குறைந்துவிட்டது என்றால் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள என்ன இருக்கிறது? சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் மீது சாம்பலும் நிலையங்கள் வெளியேற்றும் சுடுநீரும் இன்னும் நேரடியாகவே படுகின்றன. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்த மாசுக்கு, மின்வாரியத்துக்குப் பின் வந்த மாநில மின் கழகத்தையே பொறுப்பாளியாக்கியது. அந்தத் தீர்ப்பின்படி ஆற்றை முழுதாகத் தூர்வாரி, சாம்பலை அகற்றி முடிக்காத நிலையில் அதே கழகம் புதிய கொதிகலனுக்கு அனுமதி கேட்பது முறையற்றது. முழுச்சுமையில் ஒரு நாள் ஓடினால் 660 மெகாவாட் யூனிட் ஏறத்தாழ 10,000 டன் நிலக்கரியை எரிக்கும். உள்நாட்டு நிலக்கரி என்றால் தினமும் 3,000 டன்னுக்கு மேல் சாம்பல்.

புதிய யூனிட் நவீனமானது, குறைந்த நிலக்கரியில் அதிக மின்சாரம் தரும், புகையை வடிகட்டும் என்று சொல்கிறார்கள். முதல் பாதி உண்மை. வடிகட்டுவது பற்றிய வாக்குறுதியை நம்புவதற்குத்தான் கடந்தகாலம் இடம் தரவில்லை. அனல்மின் நிலையப் புகைக்கு மத்திய அரசு 2015இல் கடுமையான வரம்புகளை விதித்தது. கெடு 2017. அது 2022க்குத் தள்ளிப்போனது, பிறகு மேலும் தள்ளிப்போனது. 2025இல் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகத்தை நீக்கும் கருவி பொருத்துவதிலிருந்தே விலக்கு அளித்துவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு மட்டும் கட்டாயம் நீடிக்கிறது, அதற்கும் இன்னொரு கெடு.

மாலை நேரத் தேவையை யார் ஈடுகட்டுவது என்று மின்துறை கேட்பது நியாயமான கேள்விதான், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரியசக்தி கைகொடுக்கும். 10,000 மெகாவாட்டைத் தாண்டிய நம் காற்றாலைகள் காற்றுக் காலத்தில் கைகொடுக்கும். பொழுது சாய்ந்த பிறகு மூன்று நான்கு மணி நேரம்தான் சிக்கல். அந்தச் சில மணி நேரத்துக்காக, சட்டென்று ஏற்றி இறக்க முடியாத, இரவும் பகலும் ஓடினால்தான் கட்டுப்படியாகும் ஒரு நிலக்கரி யூனிட்டைக் கட்டுவது பொருத்தமான மருந்தாகத் தெரியவில்லை. காடம்பாறையில் 1987 முதல் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. உபரி மின்சாரத்தில் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் அந்த வித்தை நமக்குப் புதிதல்ல. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே வகைத் திட்டம் கட்டுமானத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை விரைந்து முடிப்பதில் காட்டும் முனைப்பு மாலை நேரத்துக்கு நேரடியாக உதவும். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய பேட்டரி அமைப்புகளுக்கு எண்ணூர் வளாகமே தோதான இடம். 450 மெகாவாட்டை நகரத்துக்கு அனுப்பிய இடம் அது, அங்கே மின்தொடர் பாதைகள் போய்ச்சேர்ந்திருக்கின்றன. பேட்டரிக்குப் புகைபோக்கி வேண்டாம், சாம்பல் குளம் வேண்டாம், கழிமுகத்து நீரும் வேண்டாம்.

எண்ணூரின் 660 மெகாவாட் திட்டத்தின் சொந்த வரலாறே அதற்கு எதிரான சாட்சி. 2009இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றார்கள். 2014இல் ஒப்பந்தம் பெற்ற லாங்கோ நிறுவனம் நொடித்துப்போனது. வேலை அரைகுறையாக நின்றது, அனுமதியும் காலாவதியானது. அடுத்து வந்த ஒப்பந்தம் 2021இல் ரத்தாகி மறுஆண்டே மீண்டும் உயிர்பெற்றது. இவ்வளவு காலத்தில் அந்த 660 மெகாவாட்டிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை, மாநிலம் இருளில் மூழ்கவும் இல்லை. இன்னும் எத்தனை கோடியைக் கொட்டினாலும் அந்தச் சுமை கடைசியில் மின்கட்டணத்தில்தான் வந்து விடியும். 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர்மக்கள் எதிர்ப்பைத் தெளிவாகவே சொன்னார்கள்.

தில்லியைப் பாருங்கள். இந்திரபிரஸ்தா, ராஜ்காட் நிலக்கரி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 705 மெகாவாட் பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதன் சாம்பல் கிடந்த சுமார் 880 ஏக்கரில் பூங்கா அமைக்கத் திட்டமிட்டார்கள். அவற்றுக்குப் பதிலாகத் தலைநகருக்குள் வேறு நிலக்கரி நிலையம் கட்ட எவரும் துணியவில்லை. அங்கே தலைவர்களும் நீதிபதிகளும் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். சென்னையில் தூசி எப்போதும் வடக்கு நோக்கியே தள்ளப்படுகிறது. 2011இல் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியிலிருந்து சுற்றுப்புற மக்களைக் காக்க நீதிமன்றம் தலையிட்டது. நல்ல காரியம்தான், ஆனால் அந்த நிலக்கரி போய் இறங்கிய இடம் எண்ணூர்த் துறைமுகம். அடையாறில் ஒரு கொதிகலன் கட்டும் திட்டத்தை எந்த அரசாவது வரைபடமாகவாவது போடுமா?

எண்ணூரின் புதிய யூனிட் திட்டத்தைத் திரும்பப் பெற நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை, தில்லியின் ஒப்புதலும் வேண்டியதில்லை. மின் கழகம் மாநில அரசின் சொத்து, அமைச்சரவையின் ஒரு தீர்மானம் போதும். அதே தீர்மானத்தில் பழைய வளாகத்தின் மண், நீர்ப் பரிசோதனைக்கும் சாம்பல் அகற்றுவதற்கும் நிதியையும் கெடுவையும் குறிக்கலாம். அந்தப் பணியை மேற்பார்வையிடும் குழுவில் எண்ணூர் மீனவர் கிராமங்களின் பிரதிநிதிகளையும், நிலையத்தில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உட்கார வைக்கலாம். 47 ஆண்டுகளில் என்ன எங்கே கொட்டப்பட்டது என்பது அதிகாரிகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.