தொந்தி செல்வத்தின் அடையாளமா?

"அண்ணாச்சிக்கு உடம்பு போட்டிருக்கிறது, கடை நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது!" என்று விசாரிக்கும் வழக்கம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இன்னும் போகவில்லை. பெண்ணைப் பார்த்து, "பூசினாற்போல் இருக்கிறாள், மகாலட்சுமி மாதிரி" என்பார்கள். பஞ்ச காலத்தை அனுபவித்த முன்னோருக்கு உடம்பில் சதை இருப்பது ஓர் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் பேச்சில் தங்கிவிட்டது.

ஆனால் அதே உடம்பு இன்னும் 10 கிலோ கூடிவிட்டால் பேச்சு மாறிவிடுகிறது. "தின்றே கொழுத்தவன்", "சோம்பேறி" என்று கேலி பிறக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வந்துவிடுகிறது. சினிமாவில் குண்டு மனிதர் என்றாலே சிரிப்பதற்கு ஓர் ஆள் என்று ஆகிவிட்டது.

முதலில் பாராட்டு, பிறகு பரிகாசம். இரண்டுமே தவறு என்கிறது விஞ்ஞானம். உடல் பருமன் செல்வமும் அல்ல, பாவமும் அல்ல. அது ஒரு நோய். பல நோய்களுக்குத் தாய்.

கிராமத்துக்கும் வந்துவிட்டது!

மம்சாபுரம் பட்டணம் அல்ல. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர். "பருமன் எல்லாம் சென்னைக்காரர்களின் வியாதி, மண்வெட்டி பிடிக்கும் ஊரில் அதற்கு என்ன வேலை?" என்று இங்கே ஒருவர் கேட்டால் அதில் ஆச்சரியம் இல்லை.

கணக்கு வேறு விதமாக இருக்கிறது. மத்திய அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வு 2015-16-ல் நடந்தபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21-ல் அதே ஆய்வு மறுபடி நடந்தபோது அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் பெண்களில் 24, ஆண்களில் 22.9தான். இந்த விஷயத்தில் தமிழ்நாடு நாட்டையே முந்திக்கொண்டு ஓடுகிறது. பத்துப் பெண்களில் நால்வர் என்றால், அது பட்டணத்தோடு நிற்கிற கணக்கு அல்ல.

அதிக எடை என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். வருகிற எண் 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக எடை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 64 கிலோ இருந்தால் அந்த எல்லைக்கு வந்துவிட்டார் என்று பொருள். இந்திய டாக்டர்களோ, நம்மவர் உடல்வாகுக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்கிறார்கள்.

சணல் ஆலையில் கண்ட உண்மை

பஞ்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு ஏற்ற ஆராய்ச்சி ஒன்று உண்டு. கல்கத்தாவை அடுத்த லட்லோ சணல் ஆலையில் அது நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் மேயர் என்ற உணவியல் நிபுணரும், இந்திய ஆராய்ச்சியாளர்கள் இருவரும் சேர்ந்து அந்த ஆலையின் ஊழியர்களை ஆராய்ந்து, 1956-ல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவர், கரி அள்ளுபவர், நெசவாளர், குமாஸ்தா, நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் கடைக்காரர் என்று வேலையை வைத்துப் பிரித்தார்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை இருக்கிறார் என்று கணக்கெடுத்தார்கள்.

கடினமாக உழைத்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள். ஆனால் ஒல்லியாக இருந்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். வியப்பு அடுத்ததில் இருக்கிறது. ஓரளவு உழைப்பவர் குறைவாகச் சாப்பிட்டார். உட்கார்ந்தே இருந்தவரோ அவரை விட அதிகமாகச் சாப்பிட்டார்! எடையும் அவருக்கே அதிகம். வேலை குறைந்தால் பசியும் குறைய வேண்டும் அல்லவா? ஒரு மட்டத்துக்குக் கீழே உழைப்பு போய்விட்டால், பசியின் தராசு சரியாக நிறுப்பதில்லை என்று தெரிந்தது.

லண்டனிலும் இதே காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் எழுதினார். உட்கார்ந்து ஓட்டும் டிரைவரைவிட, நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டருக்கு இருதய நோய் குறைவு. பிறகு சீருடை அளவுகளைப் பார்த்தபோது, டிரைவர்களின் இடுப்பு அளவு பெரிதாக இருந்தது.

மம்சாபுரத்தில் இன்று எத்தனை பேர் டிரைவர், எத்தனை பேர் கண்டக்டர்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. ஆட்டுக்கல் மூலையில் கிடக்கிறது, கிரைண்டர் சுற்றுகிறது. தெருக்கோடிக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். உழைப்பு குறைந்தது, தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. இந்தியர் உணவில் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. அரிசிச் சோறு, அதன் மேல் மாலையில் வடை, டீ, முறுக்கு. ஊர்ப் பெருமையான பால்கோவாவில் 100 கிராம் உள்ளே போனால் 300 கலோரிக்கு மேல். அதைச் செலவழிக்க ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் போதுமா என்பது சந்தேகம்தான்!

பசியை ஆள்வது யார்?

"வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

பசி வயிற்றில் பிறப்பதாகத் தோன்றுகிறது. அதை ஆள்வது மூளை. 1951-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பி.கே. ஆனந்த் என்ற இந்திய விஞ்ஞானி, பிரோபெக் என்பவருடன் சேர்ந்து எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மூளையின் அடிப்பாகத்தில் 'ஹைபோதலாமஸ்' என்ற சிறு பகுதி இருக்கிறது. அதன் பக்கவாட்டில் இருபுறமும் ஒரு புள்ளியைச் சிதைத்தவுடன், எலி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. உணவு எதிரே இருந்தும் பட்டினி கிடந்தது! பிற்காலத்தில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையை வளர்த்தவர் இந்த ஆனந்த்தான்.

1994-ல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்பவரின் குழு 'லெப்டின்' என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. உடம்பிலுள்ள கொழுப்பே மூளைக்கு அனுப்பும் தபால் அது. "கையிருப்பு போதும்" என்பது அதில் உள்ள சேதி. கொழுப்பு குறைந்தால் தபாலும் குறைகிறது. உடனே மூளை, "பஞ்சம் வந்துவிட்டது" என்று முடிவு செய்து பசியைக் கூட்டுகிறது. உடம்பு எரிக்கும் சக்தியைக் குறைக்கிறது. முயன்று இளைத்தவர்கள் பலர் மீண்டும் பருத்துவிடுவது இதனால்தான். அவர்கள் மனவலிமை இல்லாதவர்கள் அல்ல. சொந்த உடம்போடே மல்லுக்கட்டுகிறவர்கள்.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரை ஆராய்ந்து 1990-ல் ஒரு முடிவு வந்தது. தட்டும் சோறும் வேறாக இருந்தும், அவர்கள் உடல்வாகு பெரும்பாலும் ஒத்திருந்தது. அப்படியிருக்க, குண்டாக இருக்கும் பிள்ளையைப் பரிகாசம் செய்வது அறியாமை அல்லவா?

ஒல்லியானவரும் தப்பவில்லை

பூனா நகரத்து டாக்டர் யாஜ்னிக் 2004-ல் ஒரு படத்தை வெளியிட்டார். அதில் அவரும் ஓர் ஆங்கிலேய டாக்டரும் நிற்கிறார்கள். இருவருக்கும் எடை-உயர எண் 22.3. அச்சாக ஒன்று! ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தால், ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு இந்தியரிடம் மிகுதி. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் வருகிறதே, அது இதுதான்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, ஈரலில் கொழுப்பு, முழங்கால் தேய்வு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை என்று வரிசை நீள்கிறது. 13 வகைப் புற்றுநோய்களுக்கும் பருமனுக்கும் சம்பந்தம் உண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் நிபுணர்கள் 2016-ல் கூறினார்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய அகில இந்திய ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அந்த முடிவு 2023-ல் வெளியாயிற்று.

ஆகவே தராசு மட்டும் போதாது. தையற்காரரின் நாடா வேண்டும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் ஆபத்து என்பது இந்தியருக்கு வகுத்த அளவு. அங்குலத்தில் சுமார் 35½, 31½. இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஒருவருடைய இடுப்பு அளவு அவர் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

ஊசி வந்துவிட்டது; போதுமா?

அமெரிக்கப் பாலைவனத்தில் 'கிலா' என்ற விஷப் பல்லி உண்டு. 1992-ல் ஜான் எங் என்ற டாக்டர் அதன் விஷத்தில் ஒரு பொருளைக் கண்டார். சாப்பிட்டவுடன் மனிதக் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனை அது ஒத்திருந்தது. அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிகளின் பலனாக வந்தவைதான் இன்றைய எடை குறைக்கும் ஊசிகள். 2021-ல் வெளியான பெரிய சோதனையில் செமாக்ளூடைட் என்ற மருந்து, 68 வாரத்தில் உடல் எடையைச் சராசரி 15 சதவிகிதம் குறைத்தது. இது மெய்யான சாதனை. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. 2025-ல் இத்தகைய ஊசிகள் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் செலவு பல ஆயிரம் ரூபாய். தோட்ட வேலைக்குப் போகிறவர் கைக்கு எட்டுமா?

மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றுகிறது. தேவைப்படுவோருக்கு அது வேண்டியதே. சந்தையில் விற்கும் "ஒரே மாதத்தில் இளைக்கும்" பவுடரோ, பணத்தை மட்டுமே இளைக்கச் செய்யும்!

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்த சோதனை ஒன்று எளியவர்களுக்கு நம்பிக்கை தருகிறது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 3 ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவைச் சீர்படுத்தி, தினமும் அரைமணி நேரம் நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. 2006-ல் வந்த இந்த முடிவில் விசேஷம் என்னவென்றால், அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. தராசு முள் அசையவில்லையே என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

"நட, குறைத்துச் சாப்பிடு" என்று உபதேசம் செய்வது சுலபம். எங்கே நடப்பது? விடியற்காலையில் நெடுஞ்சாலையில் லாரிக்கு ஒதுங்கியா? இருட்டிய பிறகு விளக்கில்லாத தெருவில் ஒரு பெண் எப்படி நடப்பாள்? பழைய உழைப்பைத் திரும்பக் கொண்டுவருவதும் நியாயம் அல்ல. ஆட்டுக்கல்லிலிருந்தும் தண்ணீர்க் குடத்திலிருந்தும் பெண்கள் விடுதலை பெற்றது பெரிய நன்மை. அந்த உழைப்புக்குப் பதிலாக உடம்புக்கு வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது தனி மனிதர் கடமை மட்டும் அல்ல, ஊரின் கடமை.

2023-ல் அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்று போதாது. மம்சாபுரம் போன்ற ஒவ்வொரு பேரூராட்சியிலும் விளக்கு போட்ட, வாகனம் வராத ஒரு நடைபாதை வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் பறித்துக்கொள்ளக் கூடாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கும்போது, ஒரு நாடாவை எடுத்து இடுப்பையும் அளந்து எழுதட்டும். அதற்குச் செலவு சில ரூபாய்தான். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-ல் ரேஷன் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வழி தெற்கேயும் வரட்டும்.

வீட்டிலும் வேலை உண்டு. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பருப்பிலும் காயிலும் ஒரு கரண்டியைக் கூட்டலாம். பால்கோவாவைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பதை நிறுத்தலாம். கேலிக்குப் பயந்த பிள்ளை விளையாட வராது. விளையாட வராத பிள்ளை மேலும் பருக்கும்.

"உடம்பு போட்டிருக்கிறதே!" என்று இனி யாராவது விசாரித்தால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிக்கவும் வேண்டாம், பழியாக எடுத்துக்கொண்டு கூசவும் வேண்டாம். இடுப்பை அளந்து பார்த்துவிட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போய்வருவது நல்லது. சிகிச்சை அந்த நடையிலேயே தொடங்கிவிடுகிறது.