ஜப்பான் என்றால் நாலு ஊர்தானா?

ஜப்பானுக்குப் போகிற யாருடைய பயணத் திட்டத்தை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஒசாகா. அச்சு மாறாமல் இதேதான் இருக்கும். இதற்குத் 'தங்கப் பாதை' என்று பெயர் வேறு! யாருக்குத் தங்கம் என்பதுதான் கேள்வி.

2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 3.69 கோடி பேர். அதில் பெருங்கூட்டம் இந்தப் பாதையில்தான் போய் மோதுகிறது. விளைவு? கியோட்டோவில் உள்ளூர்க்காரர்களே நகரப் பேருந்தில் ஏற முடியவில்லை. கடைசியில், பயணிகள் விரும்பி வாங்கிய ஒருநாள் பேருந்துச் சீட்டின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்ததன் பலன், 2024-ல் கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் அபராதம். விருந்தாளியை இப்படி விரட்டும் நிலைக்கு ஓர் ஊர் வந்துவிட்டதென்றால், தப்பு ஊர் மேலா?

சரி, காசுக் கணக்காவது சரியாக இருக்கிறதா? ஏழு நாள் ஜேஆர் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வரத் தனிச்சீட்டு எடுத்தாலே 30,000-க்குள் முடிந்துவிடும். ஆனாலும் பாஸ் வாங்குவார்கள். பிறகு போட்ட காசை எடுக்க வேண்டுமே என்று ஹிரோஷிமாவுக்கும் ஓடுவார்கள். பெட்டியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி... ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளை விழுங்கும். வாய்ப்புச் செலவு என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

"முதல்முறை போகிறவர் கியோட்டோ பார்க்க வேண்டாமா?" என்பார்கள். தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் நாலும் எதற்கு? டோக்கியோவிலிருந்து கியோட்டோ இரண்டேகால் மணி நேரம். கனசாவாவுக்கு இரண்டரை மணி நேரம், 2015 முதல் நேரடி ஷிங்கான்சென் உண்டு. போரில் குண்டு விழாத ஊர் அது. சாமுராய் தெருவும், கென்ரோகுவென் தோட்டமும் அங்கே இருக்கின்றன. ஒகயாமாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் தகமாட்சு. அங்கே ரிட்சுரின் தோட்டம் இருக்கிறது, நவோஷிமா தீவுக்குக் கப்பலும் இருக்கிறது. ஒசு 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில் காட்டிய ஒனோமிச்சியில் தங்கினால், தீவு தீவாகப் பாலம் கடந்து இமபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர் சைக்கிளிலேயே போகலாம்.

இவற்றில் ஏதாவது ஒரு வட்டாரத்தில் நாலு நாள் தங்கினால் போதும். சிற்றூர்களில் ஆங்கிலம் குறைவு, பேருந்தும் அடிக்கடி வராது என்பது உண்மைதான். ஆனால் இளைஞர்கள் பெருநகரங்களுக்குப் போய்விட, ஆள் குறைந்துகொண்டே வரும் அந்த ஊர்களில் ஒரு விடுதி அறை நிரம்புவது பெரிய விஷயம். கியோட்டோவில் அதே ஆள் கூட்டத்தில் இன்னொரு தலை, அவ்வளவுதான்.

அடுத்தவன் போன ஊரையே பார்த்துவிட்டு வருவதற்கு, அவன் எடுத்த படங்களைப் பார்த்தால் போதாதா? விமானச் செலவாவது மிஞ்சும்!