ஊமைப் பெட்டியா பழமைச் சின்னம்?

வால்வு வானொலிக்கு மெருகேற்றி வரவேற்பறையில் நிறுத்துவதைப் பழமை பேணுதல் என்கின்றனர் நம் கனவான்கள். பேசாத வானொலி வெறும் மரப்பெட்டியே!

1990இல் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் இழந்தது, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. அந்நாளில் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டனர் மக்கள். அந்தக் கைகளின் அறிவுக்கு நம் கல்விக்கூடங்கள் அளித்த இடம் யாது?

பழுதுற்ற மின்தேக்கியை மாற்றுவதும், இடைநிலை அதிர்வெண் சுருள்களைத் திருகி, பெரும்பாலான பெட்டிகளுக்குரிய 455 கிலோஹேர்ட்ஸில் இசையச் செய்வதும் பௌதிகமன்றி வேறென்ன? இசைவு பிசகினால் தொலைதூர நிலையம் மங்கிப்போகும். ஆயினும் அலைகளை மனனம் செய்தவன் ‘படித்தவன்’. அலையைப் பிடித்துத் தந்தவன் வெறும் ‘திருத்துகாரன்’!

ஆசிரியர்களே, அப்பெட்டிகளை ஆய்வுகூடத்துக்குக் கொணருங்கள். திருத்துகாரரை ஆசானாக அமர்த்துங்கள். மாணவர் கையால் அவை மீண்டும் பேசட்டும்!