பலகை சொல்வதும் சட்டி சொல்வதும்



அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்குப் படிக்கப் போயிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஹஸரத், இங்கே ஒரே கூரையின் கீழ் பல நாட்டுக்காரர்கள் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார்கள். சில பலகைகளில் 'வீகன்' என்று எழுதியிருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஒன்றுமே சேராதாம். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்தானே?"

ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, 'என்ன சாப்பிடுகிறார்களோ' என்று கவலைப்படும் தாய் தந்தையர் நம்மில் பலர். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அவர் சொல்லும் இடம் 'மிட்டவுன் குளோபல் மார்க்கெட்'. 1928 இல் கட்டப்பட்ட ஸியர்ஸ் வியாபார நிறுவனத்தின் பெருங்கட்டடம் அது. 1994 இல் ஸியர்ஸ் மூடப்பட்டபின் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. 2006 இல் அதன் கீழ்த்தளம் சந்தையாகத் திறக்கப்பட்டது. பெரிய முதல் இல்லாத குடியேறிகள் சிறு கடையொன்றை நடத்திப் பிழைக்க வழி செய்வதே நோக்கம். மெக்சிகோக்காரர், சோமாலியர், மொரோக்கோக்காரர் என்று பலரும் அங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். சந்தையை உருவாக்கக் கைகொடுத்த அமைப்புகளில் ஒன்று, சோமாலியாவிலிருந்து வந்த ஹுஸைன் ஸமத்தார் தொடங்கிய ஆபிரிக்க அபிவிருத்தி நிலையம். வட்டிக்கு அஞ்சிக் கடன் வாங்கத் தயங்கிய முஸ்லிம்களுக்கு வட்டியில்லா முறையில் முதல் கிடைக்க வழி செய்ததும் அந்நிலையமே.

'வீகன்' என்ற சொல் 1944 இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரது தோழர்களும் உண்டாக்கியது. சொல் புதிது, உணவு பழையது. சோமாலியர் பயற்றை நெடுநேரம் அவித்து, நல்லெண்ணெயும் சீனியும் சேர்த்து 'அம்பூலோ' என்று உண்பார்கள். எகிப்தியர் அவரை இனத்துப் பருப்பையும் ஷாம் தேசத்தார் கடலையையும் அரைத்துப் பொரித்து 'பலாபில்' செய்வார்கள். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பாதிக்கு நெருங்கிய நாட்கள் விரதம் பிடித்து, இறைச்சியும் பாலும் முட்டையும் தவிர்ப்பார்கள். ஆகவே பருப்புக் கறியோடு, நம் அப்பம் போலப் புளிக்கவைத்துச் சுட்ட 'இஞ்ஜெரா' அவர்களுக்கு நாளாந்த உணவு. கொள்கை பேசியா இவர்கள் இப்படிச் சமைத்தார்கள்? விரதமும் வறுமையும் உம்மாமாரின் கைப்பக்குவமும் சேர்ந்து தந்த உணவு இது. நகரத்தவர் இன்று தேடிவந்து காசு கொடுத்து உண்கிறார்கள்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். வீகன் பலகை நமக்கு ஓர் உதவி என்பதில் ஐயமில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். மெக்சிகோக்காரர் அவரையை அவித்து மசித்து வதக்கும் உணவு, பார்த்தால் சுத்த மரக்கறிதான். ஆனால் பழைய முறைப்படி அதை வதக்குவது பன்றிக் கொழுப்பில்! நம் ஊரில் 'மீன் போடாத சம்பல்' என்று சொல்லிவிட்டு மாசியை இடித்துப் போடுகிறோமே, அதுபோலத்தான். அதே அவரைக்கு வீகன் என்று எழுதியிருந்தால் அந்தக் கொழுப்பு இல்லை என்று பொருள். அறுப்பு முறை பற்றிய கேள்வியும் எழாது.

ஆனால் அந்தப் பலகை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: உயிரினத்திலிருந்து வந்தது உண்டா இல்லையா என்பதற்கு. மதுவைப் பற்றி அது பேசாது. திராட்சை மதுவில் வேகவைத்த காளானுக்கும், 'மிரின்' என்ற அரிசி மது ஊற்றிய ஜப்பானியக் குழம்புக்கும் வீகன் பெயர் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. மறுபக்கம், அல்லாஹ் தன் வேதத்தில் நிவாரணம் உண்டென்று சொன்ன தேனை வீகன்காரர் தொடமாட்டார். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது.

அதனால் மாணவருக்கு இப்படி எழுதினேன்: "மகன், பலகையைப் படியுங்கள், பிறகு சட்டியைப் பற்றிக் கேளுங்கள். மது சேர்ந்ததா? பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயிலா இதையும் பொரித்தீர்கள்? இந்த இரண்டையும் முகமலர்ச்சியோடு கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் வீகன்காரரும் சோமாலியக் கடையில், 'பயற்றில் நெய் விட்டீர்களா?' என்று கேட்டுத்தான் வாங்குவார். இதில் அவரும் நீங்களும் ஒரே வரிசைதான்."

வாசகர்களே, நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இறைச்சி வைக்காத விருந்தை விருந்தாகவே எண்ணாதவர்கள் நாம். கலியாண வீட்டில் பருப்பும் மரக்கறியும் மட்டும் வைத்தால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நாட்கள் கழிந்த வீடு நமது நபி (ஸல்) அவர்களின் வீடு. சுரைக்காயை விரும்பி உண்டவர்கள் அவர்கள். ஹலாலான இறைச்சியை ஹராம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதே நேரம், ஒரு பிடி பருப்பை இழிவாகப் பார்க்கவும் நமக்கு உரிமையில்லை.

சில நாட்களின் பின் மாணவரின் பதில் வந்தது. கேட்டாராம். கடைக்காரப் பெண்மணி கோபப்படவில்லையாம். அடுப்படிக்கே அழைத்துப் போய் எண்ணெய்ச் சட்டியைக் காட்டினாராம். அவரும் தூர தேசத்திலிருந்து வந்து, இதே கேள்வியைப் பல கடைகளில் கேட்டவர்தானே!

நம் பிள்ளைகள் எங்கிருந்தாலும் அவர்களது உணவில் அல்லாஹ் பரகத் செய்வானாக. ஆமீன்.