பழி பார்வையாளர் மீதா?

2023 அக்டோபர் 19 அன்று விடிவதற்கு முன்பே கோவைப் பகுதியிலிருந்து இளைஞர் கூட்டமொன்று பாலக்காட்டுக்கு எல்லை கடந்து சென்றது. விஜய் நடித்த ‘லியோ’ படத்திற்குக் கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே முதல் காட்சி. தமிழ்நாட்டிலோ அரசாணைப்படி காலை 9 மணிக்குத்தான். அந்த ஐந்து மணி நேர இடைவெளியைக் கடப்பதற்காக நடந்த பயணம் நாளேடுகளிலும் தொலைக்காட்சிகளிலும் கொண்டாட்டச் செய்தியாயிற்று. அதே மலைத்தொடரின் தென்பகுதியில், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய பாதைகளின் வழியே, தேனி மாவட்டத்துப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் எல்லை கடக்கிறார்கள். அது செய்தியாவதில்லை. ஜீப்பு கவிழ்ந்தால் மட்டும் ஓரத்தில் நாலு வரி வரும்.

இந்த இரண்டாவது பயணத்தைத் திரையில் காட்டிய படம் ஒன்று உண்டு. 2018 ஆகஸ்ட் 24 அன்று வெளியான லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்கு வாழ்வில் ஒரே ஆசை: சொந்தமாகத் துண்டு நிலம். சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கொண்டு வாங்கிய ஏல மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறுகிறது. பிறகு எப்படியோ நிலம் கைக்கு வருகிறது. கடனில் அதுவும் போகிறது. கடைசியில், தனக்குச் சொந்தமாயிருந்த அதே மண்ணில் எழும்பி நிற்கும் காற்றாலைக்கு அவன் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். நிலவுடைமை, கந்துக்கடன், மூலதனப் பெருக்கம் ஆகியவற்றைப் பற்றி இயக்கக் கூட்டங்களில் மணிக்கணக்கில் விளக்கப்படுவதைப் படம் ஒரு நாற்காலியையும் ஒரு மனிதனையும் வைத்துச் சொல்லிவிடுகிறது. எஸ்டேட்டில் செங்கொடிச் சங்கம் கட்டும் சாக்கோவைக் காட்டும் படம், சங்கத் தலைமையில் இருப்பவரே முதலாளியோடு கைகோர்ப்பதையும் மறைக்கவில்லை. 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு வீதிக்கு வந்தபோது சங்கத் தலைவர்களை அருகில் அண்டவிடாமல் நிறுத்தியதை நேரில் கண்டவர்கள், அந்தக் காட்சி எங்கே தைக்கிறது என்பதை அறிவார்கள். தைக்கட்டும். இடதுசாரிகளைப் புகழ்ந்தால் மட்டுமே இடதுசாரிகள் ஆதரிக்கும் படம் என்று ஒன்று இருக்கத் தேவையில்லை.

இத்தகைய படங்களைப் பற்றித் திரை வணிகம் வழங்கும் தீர்ப்பு எப்போதும் ஒன்றேதான்: “நல்ல படம்தான், ஆனால் மக்கள் பார்க்க மாட்டார்கள்.” இந்தத் தீர்ப்பை எதிர்த்தரப்பில் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் கலைப்பட ரசிகரும் வழிமொழிகிறார். அவர் சொல்லும் விதம் மட்டுமே வேறு: “நம் மக்களுக்கு ரசனை போதாது.” ஒருவர் மக்களின் பெயரால் குப்பையை விற்கிறார். மற்றவர் குப்பையைக் காட்டி மக்களைப் பழிக்கிறார். குற்றவாளிக் கூண்டில் பார்வையாளரை நிறுத்துவதில் மட்டும் இருவருக்கும் பிணக்கில்லை. திரையரங்கு யாருடைய கையில் இருக்கிறது என்னும் கேள்வி இருவருக்குமே எழுவதில்லை.

ஒரு படம் திரைக்கு வரும் வழியைப் பார்த்தால் போதும். படச்சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, செலவு குறையும், சிறிய தயாரிப்பாளருக்கு விடிவு பிறக்கும் என்றார்கள். நடந்தது வேறு. திரையரங்குகளில் கருவிகளைப் பொருத்திய ஒரு சில நிறுவனங்கள் அந்தச் செலவைத் தயாரிப்பாளரிடமிருந்து ஒவ்வொரு திரைக்கும் கட்டணமாக வசூலிக்கத் தொடங்கின. நூற்றுக்கணக்கான கோடியில் எடுக்கப்பட்ட படத்துக்கு அது சில்லறைக் காசு. சில கோடியில் எடுக்கப்பட்ட படத்துக்குக் கழுத்துச் சுருக்கு. 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தியது இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான். டிக்கெட் விற்பனையைக் கணினிமயமாக்கி, எந்த அரங்கில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வெளிப்படையாக்க வேண்டும் என்பதும் அப்போது எழுந்த கோரிக்கை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்னும் கணக்கே ஐயத்துக்குரியது என்று தயாரிப்பாளர்களே வேலைநிறுத்தம் செய்த ஒரு தொழிலில், மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதை மட்டும் ஐயமறச் சொல்பவர்கள் எப்படித்தான் முளைக்கிறார்களோ!

அடுத்தது நாட்காட்டி. பெரிய படம் தீபாவளியையும் பொங்கலையும் பல மாதங்களுக்கு முன்பே பட்டா போட்டுக்கொள்கிறது. சிறிய படத்துக்கு மிச்சமிருக்கும் வெள்ளிக்கிழமைதான். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்குக் கிடைத்த வெள்ளிக்கிழமை எது? அந்த ஆகஸ்ட் 9 அன்று, இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு மதகு திறக்கப்பட்டது. மாத நடுவில் பெருவெள்ளமும் நிலச்சரிவுகளும் மாவட்டத்தையே துண்டித்தன. எந்த மலைமக்களைப் பற்றிய படமோ அந்த மலை சரிந்து கிடந்த வேளையில் படம் வெளியானது. எவரும் சூழ்ச்சி செய்யவில்லை. கிடைத்த தேதியை விட்டால் வேறு தேதி கிடைக்காது என்னும் நிலையிலேயே சிறிய படங்கள் எப்போதும் வைக்கப்பட்டுள்ளன.

வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் தலையெழுத்து திங்கட்கிழமை காலைக்குள் எழுதப்படுகிறது. மூன்று நாள் வசூல் குறைந்தால் காட்சிகள் வெட்டப்படும். நட்சத்திரப் படத்துக்கு இந்த மூன்று நாளே போதும். அதன் விளம்பரச் செலவெல்லாம் அந்த மூன்று நாளுக்காகவே. வாய்மொழியாகப் பரவ வேண்டிய படத்துக்கு இரண்டு வாரமாவது வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். முதல் ஞாயிறு பார்த்தவர் வேலைத்தளத்தில் சொல்லி, அடுத்த ஞாயிறு மற்றவர் போகலாம் என்றால் படம் அங்கே இருக்காது. இதற்குப் பெயர் மக்களின் நிராகரிப்பு! ‘லியோ’வுக்கு வசூலில் 80 சதவீதப் பங்கு கேட்கப்பட்டதாகத் திரையரங்கு உரிமையாளர்களே வெளிப்படையாகக் குமுறினார்கள். அப்படிப்பட்ட படத்தை மறுக்கவும் முடியாது, அதில் பெரிதாகப் பிழைக்கவும் முடியாது என்னும் நிலையில், மீதி வாரங்களில் துணிந்து சிறிய படம் போடும் வலு ஒற்றைத்திரை அரங்குகளுக்கு இல்லாமல் போகிறது.

இந்தச் சுவரில் சிறிய படம் நுழைய ஒரே ஒரு பூனைவாசல் இருக்கிறது: நட்சத்திரத்தின் ஜாமீன். லெனின் பாரதியின் படத்தைத் தயாரித்தவர் விஜய் சேதுபதி. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்ற பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்துக்கு நயன்தாரா, விக்னேஷ் சிவன். அவருடைய ‘கொட்டுக்காளி’க்கு சிவகார்த்திகேயன். இவர்களுடைய செயல் பாராட்டத்தக்கதே; அதில் குறை காண்பது அற்பத்தனம். ஆனால் உழைப்பாளியின் கதை ஊருக்குள் வர ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து தேவைப்படுகிறது என்றால் அது என்ன வகைச் சந்தை? ஜாமீன் கிடைத்தும் ‘கூழாங்கல்’ திரையரங்குகளுக்கு வரவில்லை. 2023 அக்டோபரில் நேரே இணையத் தளத்துக்குப் போயிற்று. ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் திரையரங்குகளுக்கு வந்தது. உடனே, விழாக்களில் பாராட்டுப் பெற்ற படத்தைப் பெருந்திரள் பார்வையாளர் முன் கொண்டுவந்திருக்கவே கூடாது, ஓடிடியில் விட்டிருக்கலாம் என்று திரையுலகத்துக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. கோவில் கருவறைக்குள் யார் நுழையலாம் என்று கேட்டவர்களின் குரலுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. மதுரைப் பக்கத்துக் கிராமத்து மனிதர்களை வைத்து, அவர்கள் பேச்சிலேயே எடுத்த படத்தை பெர்லினில் இருப்பவர் பார்க்கலாம். மதுரைக்காரர் பார்த்தால் ஆகாதாம்.

பார்வையாளரைக் குறைத்து மதிப்பிட்டவர்களுக்கு இந்த எல்லைப்புறமே பதில் சொல்லியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம். தமிழ் நட்சத்திரம் எவரும் அதில் இல்லை. மலையாளப் பேச்சு நிறைந்த அந்தப் படத்தைத் தமிழ்நாட்டு மக்கள் கொண்டாடிப் பார்த்தார்கள்; இங்கு மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என வணிக வட்டாரங்களே வியந்தன. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் இருளர் பெண் நஞ்சியம்மா, தன் மொழியில் தானே கட்டிய பாடலை 2020இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காகப் பாடினார். பொருள் விளங்காத லட்சக்கணக்கானோர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மொழி தெரியாது, முகம் தெரியாது, பழக்கமில்லை என்று மக்கள் ஒதுக்கிவிடவில்லை. கொண்டுசேர்க்கப்பட்டது, அதனால் கேட்டார்கள். சேர்க்கும் வலிமை அங்கே முதலீட்டிடம் இருந்தது. அந்த முதலீடு பாடலை எடுத்துக்கொண்டு அட்டப்பாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசிய விருது பெற்ற அந்தப் பாடகி தன் குடும்ப நிலத்தை மீட்கப் போராட வேண்டியிருந்தது என்பது படத்தின் வெற்றி விழாவுக்குள் வராத செய்தி.

எல்லாத் துன்பத்தையும் பண்டமாக்கும் திறன் விளம்பரத்துக்கு உண்டு. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’. அதைத் தழுவி 2013இல் பாலா இயக்கிய ‘பரதேசி’யின் வெளியீட்டுக்கு முன் ஒரு விளம்பரத் துண்டு வந்தது. படப்பிடிப்பில் இயக்குநர் நடிகர்களைக் கம்பால் அடிக்கும் காட்சிகளே அதில் தொகுக்கப்பட்டிருந்தன. அது உண்மையான அடியல்ல என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும், கங்காணியின் பிரம்பைக் கண்டிக்கும் படத்தை விற்க இன்னொரு பிரம்புதான் கிடைத்தது. தீவிரமான படம் என்றாலும் வணிகப் படத்தின் சந்தைக்குள்ளேயே அதே விதிகளின்படி கடை விரித்தால் இப்படித்தான் முடியும்.

வேறு வழி முயன்று பார்க்கப்படாத ஒன்றல்ல. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், 1984இல் தோழர்களோடு சேர்ந்து கேரளத்தில் ‘ஒடேசா’ என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு, கூடியவர்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டி எடுக்கப்பட்டதுதான் 1986இல் வந்த ‘அம்ம அறியான்’. எடுத்த படத்தை விநியோகஸ்தரிடம் ஒப்படைக்காமல், காசு கொடுத்த மக்களிடமே திரும்ப எடுத்துச் சென்று காட்டினார்கள். ஜான் 1987இல் இறந்துபோனார், முயற்சி தளர்ந்தது. தளர்ந்ததற்குப் பார்வையாளர் இல்லாதது காரணமல்ல. ஒரு கலைஞரின் ஆற்றலில் நின்ற ஒன்றை அமைப்புகள் தம் தோளில் ஏற்றுக்கொள்ளவில்லை.

கேரள அரசு இதில் சில அடிகளாவது வைத்திருக்கிறது. 1975இல் தொடங்கப்பட்ட மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தத் திரையரங்குகள் உள்ளன. பெண் இயக்குநர்களுக்கு நிதியளித்து அது தயாரித்த ‘பி 32 முதல் 44 வரை’ போன்ற படங்களுக்கு எந்த நட்சத்திரத்தின் ஜாமீனும் தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்னும் அரசு ஓடிடி தளமும் வந்தது. படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. ஆனால் இவற்றின் பயன் பெரும்பாலும் நகரத்து மலையாளிக்கே போய்ச் சேர்கிறது. தேவிகுளம், பீர்மேடு லயங்களிலும் சித்தூர் வட்டத்துத் தமிழ்க் கிராமங்களிலும் வாழ்பவர்களுக்காக இக்கழகம் தமிழ்ப் படங்களை வாங்கித் திரையிடலாம். அவர்களும் கேரளத்தின் குடிமக்களே. தமிழ்நாட்டிலோ அரசுக்குச் சொந்தமான திரையரங்கு அமைப்போ ஓடிடி தளமோ இல்லை. அதைக் கேட்டு இயக்கம் நடத்த வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தமுஎகச கிளைகளும் கலை இலக்கியப் பெருமன்றமும் உலகப் படங்களை ஊர்களில் திரையிட்டுப் பழகியவை. ஈரானியப் படத்தைப் போட்ட அதே அரங்கில் போடிக்காரரின் படத்தைப் போடத் தடையாக இருப்பது உரிமம் ஒன்றுதான். ஓடிடி நிறுவனத்துக்கு விற்கும்போது எல்லா உரிமைகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு இயக்குநரே நினைத்தாலும் தோட்டத் தொழிலாளர் நடுவில் படத்தைக் காட்ட முடிவதில்லை. தொழிற்சங்க அலுவலகங்கள், பள்ளிகள், நூலகங்கள் ஆகியவற்றில் கட்டணமின்றித் திரையிடும் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு இத்தகைய இயக்குநர்களிடம் பேசலாம். போடியிலும் மூணாற்றிலும் சங்கங்களுக்குக் கட்டடங்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவை பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன.