உருமாறும் பொம்மையும் உண்மை அளவும்

மளிகைக் கடையில் பொம்மைக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் போய்விட்டது. பள்ளி விடுமுறை தொடங்கினால் நம்மில் பாதிப் பேர் கடை வாசலில் பந்து, மட்டை, பொம்மை என்று கட்டித் தொங்கவிடுகிறோம். அரிசி பருப்பில் கிடைக்காத லாபம் அதில் கிடைக்கிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் அரிசிக்கு நாம் காட்டும் கவனத்தைப் பொம்மைக்குக் காட்டுகிறோமா என்பதுதான் அடியேனின் கேள்வி.

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது. பல வருடங்களாக என்னிடம் மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், முதல் நாள் வாங்கிப் போன பொம்மைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கூடவே அவர் மகன். பெட்டியின் மேல் படத்தில் ஒரு எந்திர மனிதன் மாடிக் கட்டிடத்துக்கு மேல் தலை தெரிய நிற்கிறான். பக்கத்திலேயே அவன் துப்பாக்கியாக மாறி இன்னொரு எந்திர மனிதனின் கைக்குள் இருக்கிறான். திறந்து பார்த்தால் உள்ளே முக்கால் பாகம் காற்று. மீதியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பொம்மை. “உங்க கடையில எடை குறையாதுன்னுதான் அண்ணாச்சி வர்றோம்” என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் பையனிடம், “இவ்வளவு பெரியவன் இத்தனை சின்னத் துப்பாக்கியானால் மீதி எடை எங்கே தம்பி போகும்?” என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “அது கதை அண்ணாச்சி. இந்தப் பெட்டிதான் பொய்” என்றான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரி சரக்கைத் திரும்ப எடுக்கவில்லை. யார் செய்தது என்ற விலாசமும் பெட்டியில் இல்லை.

பையன் சொன்ன வேறுபாடு மனதில் நின்றதால், கல்லூரியில் படிக்கும் என் மகளை விட்டு இந்தப் பொம்மைகளின் பூர்வீகத்தைத் தேடச் சொன்னேன். வியாபாரிகளாகிய நமக்குச் சட்டென்று விளங்கக்கூடிய சங்கதி அது.

ஜப்பானில் டகாரா என்ற கம்பெனி இரண்டு விதச் சரக்கு செய்துவந்தது. 1980-ல் வந்த டயக்ளோன் என்ற வரிசையில் எந்திர மனிதன் பிரம்மாண்டமானவன். அவனுக்குள் ஏறி ஓட்ட ஒரு அங்குல உயரத்தில் குட்டி ஆள் உண்டு. லாரி, கார் எல்லாம் அந்தக் குட்டி ஆளின் அளவுக்குச் சுருக்கிச் செய்தவை. 1983-ல் வந்த மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசையோ நேர் எதிர். அதில் எந்திர மனிதன் உண்மையிலேயே சின்னவன். வீட்டில் கிடக்கும் டேப் ரிக்கார்டர், கேசட், துப்பாக்கி, நுண்ணோக்கி போல வேஷம் போட்டு ஒளிந்திருப்பான். அங்கே பொம்மையின் அளவே அவன் அளவு. ஏமாற்று எதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இரண்டையும் வாங்கி, 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ஒரே பெயரில் விற்றது. இரண்டு ரகத் துவரையை ஒரே கோணியில் கொட்டி ஒரே மார்க்கா குத்தியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் டயக்ளோன் சரக்கு. அவனுக்குப் பரம எதிரியாகக் கதையில் வரும் மெகாட்ரான் மைக்ரோ சேஞ்ச் துப்பாக்கி. இருவரும் சமமாக மோத வேண்டுமே! மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர்களைக் கொண்டு பெயரும் குணமும் கதையும் எழுதி வாங்கினார்கள். தொலைக்காட்சிப் படத்தில் மெகாட்ரான் மாறும்போதே சுருங்கிச் சகாவின் கைக்குள் போய்விடுவான். சவுண்ட்வேவ் மனிதன் தூக்கிப் போகும் டேப் ரிக்கார்டர் ஆவான். ஆஸ்ட்ரோட்ரெயின் என்பவன் தன் கூட்டத்தையே வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு விண்வெளிக்குப் பறப்பான். கடையில் அவனும் மற்றவர்களோடு ஒரே பலகையில் அடங்கிவிடுவான். பம்பிள்பீ என்ற மஞ்சள் கார் இன்னும் வேடிக்கை. ஜப்பானில் அது பொம்மைக் காராகவே வேஷம் போட்ட குட்டி எந்திரம். கதையில் ஆள் ஏறும் நிஜக் காராகிவிட்டது.

இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். கைவசம் இருந்த சரக்கைக் கதையால் இணைத்து விற்ற சாமர்த்தியம் அது. நாற்பது வருடம் கழித்தும் அந்த மார்க்கா நிற்கிறதே! பிற்பாடு அவர்களே கொஞ்சம் சரிக்கட்டவும் செய்தார்கள். 1993-ல் மெகாட்ரான் துப்பாக்கியை விட்டு டாங்கியானான். 2007-ல் வந்த சினிமாவில் ஆப்டிமஸுக்குத் தட்டை முக லாரியை மாற்றி நீள மூக்கு லாரி கொடுத்தார்கள். எந்திர மனிதனின் உடம்புக்கு அத்தனை பெரிய வண்டி வேண்டியிருந்தது. (அதே படத்தில் மலை போன்ற ஒரு பெட்டி கைக்குள் அடங்கச் சுருங்குவது வேறு கதை.)

கதையில் அளவு மாறட்டும். குழந்தைக்கு அது தெரியும். விலை கொடுப்பவர் தகப்பன். அவருக்குப் பெட்டிக்குள் இருக்கும் அளவைச் சொல்ல வேண்டியவர் யார்? 2011-ஆம் ஆண்டின் பொதிப் பொருள் விதிகள், அளவு முக்கியமான சரக்கானால் அதைப் பெட்டிமேல் குறிப்பிட வேண்டும் என்கின்றன. உருமாறும் பொம்மையைவிட அளவு முக்கியமான சரக்கு வேறு எது? நின்றால் இத்தனை சென்டிமீட்டர், மாறினால் இத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டையும் அச்சிடச் சொல்லி நம் சங்கம் பொம்மை மொத்த வியாபாரிகளுக்கு எழுத வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. முத்திரையும் விலாசமும் இல்லாத சரக்கைத் தொடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் பிடிப்பது விற்றவனைத்தான்.

பெரிய கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்தால் நஷ்டம் என்பார்கள். பத்துப் பெட்டிக்கு ஒன்று பிரித்தால் போதும். பருப்பை வாடிக்கையாளர் கையில் அள்ளிப் பார்க்க விடுகிறோமே, அந்த நியாயம் இதற்கும் உண்டு. திரும்பி வந்த அந்த ஒரு பொம்மையை நான் கல்லாவுக்கு மேல் பெட்டியில்லாமல் வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பையன் சாமான் வாங்க வரும்போதெல்லாம் அதை எடுத்து மளமளவென்று துப்பாக்கியாக்கி வைத்துவிட்டுப் போகிறான். திரும்ப மனிதனாக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. அவன் அடுத்த முறை வரும்வரை அது அப்படியே கிடக்கிறது.